டைகருக்குப் பழக்கிய வாசனை

பேரன் வீட்டில் ஒரு நாய் வளர்க்கிறார்கள். அதைப் பழக்குவதற்கு வாரம் இரண்டு நாள் ஒரு தம்பி பைக்கில் வருகிறார். "சிட்" என்றால் நாய் உட்கார்ந்துவிடுகிறது. என்னை யார் சொன்னாலும் அப்படி உட்கார வைக்க முடியாது, முட்டி மடங்காது. போன வாரம் அவர் என்னிடம் வந்து, "பாட்டி, நீங்க கட்டுன சேலை தொவைக்காம எதாச்சும் இருந்தா குடுங்க. ஒளிச்சு வச்சு மோப்பம் பழக்கணும்" என்றார். வெறும் விளையாட்டுதான். ஆனால் கொடிக்குப் போன என் கை பாதியில் நின்றுவிட்டது. "எல்லாம் தொவைச்சாச்சுப்பா" என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் அரிமளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. ஆவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டி, ஒரு ஜெபமாலை, ஒரு குடை ஆகியவற்றோடு போய் இறங்கினேன். கருப்பையா என்பவர் வீட்டின் பக்கவாட்டு அறையில் குடியிருந்தேன். குடை மழைக்காக இல்லை. அந்தச் சீமையில் மழையை யார் கண்டது? அவர் வீட்டு நாய்க்காக.

டைகர் கோம்பைச் சாதி. செம்பழுப்பு உடம்பு, கரி பூசினமாதிரி கறுத்த வாய். லாரி டிரைவர் ஒருவர் குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்தாராம். கருப்பையா தன் தலைக்கு எண்ணெய் வைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஞாயிறுதோறும் டைகரை மடியில் கிடத்தி, காது மடலைத் திருப்பி உண்ணி பிடுங்கி, உடம்பு முழுக்க வேப்பெண்ணெய் தேய்த்துவிடுவார். அந்த நாற்றம் என் அறைக்குள் வந்து, புடவையில் ஏறி, திங்கட்கிழமை வகுப்பறை வரைக்கும் கூடவே வரும். இரண்டு மாதத்தில் நானே உண்ணி பிடுங்கக் கற்றுக்கொண்டேன். குடை மூலைக்குப் போய்விட்டது.

பங்குனி பிறந்ததும் வீட்டில் ஏதோ மாறியது. கருப்பையா டைகரைப் பகலெல்லாம் பட்டினி போட ஆரம்பித்தார். சாயங்காலம் ஒரு கழியில் பழைய சட்டையைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போவார். கழியை அதன் மூஞ்சிக்கு நேரே ஆட்டி, "புடி! விடாத, புடி!" என்பார். அது சட்டையைக் கவ்விக் குதறிய பிறகுதான் சோறு. வெள்ளையில் நீலக் கட்டம் போட்ட சட்டை. அவர் சட்டை போடுகிறவரே இல்லை.

"யாரு சட்டைக்கா அது?" என்று அவர் மனைவி செல்லம்மா அக்காவிடம் கேட்டேன்.

அரிசி களைந்துகொண்டிருந்த அக்கா நிமிரவில்லை. "சின்னவரு சட்டை. சலவைக்குப் போட்ட மூட்டையிலேருந்து எடுத்தாந்துருக்காரு."

சின்னவர் என்றால் கருப்பையாவின் தம்பி ராசு. கொல்லைக்கு அங்கிட்டு அவர் வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே கிணறு, அவர்கள் அப்பா வெட்டியது. கோடையில் விடியலில் இறைத்தால் நாலு குடம் வரும். அப்புறம் சேறுதான். அந்த நாலு குடத்துக்காக அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"நாயி கடிச்சா யாரு மேல கேசு போடுவாக?" என்றார் அக்கா. அது அக்காவின் கேள்வி இல்லை, கருப்பையா வீட்டில் சொன்னதை எனக்குச் சொன்னார்.

பெரியவர்கள் சண்டை, நமக்கென்ன என்று இருந்தேன். பயம் என்பதுதான் உண்மை. வாடகை அறையை விட்டால் அந்த ஊரில் தனிப்பெண்ணுக்கு வேறு இடம் கிடையாது. ஆனால் அதே வாரம் மூன்றாம் வகுப்பில் ராசுவின் மகள் வள்ளி எழுந்து நின்று வாய்ப்பாடு ஒப்பித்தாள். பாவாடைக்கு மேலே அப்பாவின் பழைய சட்டை, கையை வெட்டிச் சுருக்கித் தைத்தது. நீலக் கட்டம். ஒரே துணியில் எடுத்த இரண்டு சட்டைகளில் ஒன்று. அப்பாவின் பாயில் படுத்து, அப்பாவின் துண்டில் தலை துவட்டுகிற பிள்ளை. ஏழாம் வாய்ப்பாட்டில் அவள் விட்ட தப்பு எதுவும் என் காதில் விழவில்லை.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது கருப்பையா வயலில் இருந்தார். தொழுவத்து உத்தரத்தில் செருகியிருந்த சட்டையை எட்டி எடுத்து, விரித்து, அதன்மேல் கருவாட்டுத் தலையை வைத்து டைகருக்குக் கொடுத்தேன். பிறகு சட்டையை என் தோளில் போட்டுக்கொண்டு அதன் காதைச் சொறிந்தேன். தினமும் செய்தேன். நாலாம் நாள், நான் எக்கி எக்கி எடுத்த உத்தரத்திலிருந்து அந்தச் சட்டை தாழ்ந்த ஆணிக்கு வந்திருந்தது. பக்கத்தில் இலையில் மூன்று கருவாட்டுத் தலைகள். அக்காவும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

சாயங்காலத்தில் டைகர் கழியைப் பார்த்துக் குதறத்தான் செய்தது. நான் செய்வது பலிக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ராத்திரி ஜெபத்தில் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை.

சித்திரையில் ஒரு விடியல். கருப்பையா டைகரின் சங்கிலியைக் கழற்றிவிட்டுக் கொல்லை வாசலில் குந்தியிருந்தார். நான் பல் துலக்க வந்தேன். அங்கிட்டிருந்து வேலிப் படல் திறந்தது. ராசு வரவில்லை. அவருக்குக் காய்ச்சல் என்று பிறகு தெரிந்தது. இடுப்பில் சின்னக் குடத்தோடு வள்ளி வந்தாள், அந்தச் சட்டையோடு.

டைகர் பாய்ந்தது. கருப்பையா எழுந்து நின்றார். அதட்டுவார் என்று நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

நாய் பிள்ளையின் மேல் முன்காலைத் தூக்கி வைத்தது. சட்டையை மோந்தது. வாலை ஆட்டிக்கொண்டு அவள் முகத்தை நக்க ஆரம்பித்தது. குடம் உருண்டது. "டீச்சர், கூச்சமா இருக்கு!" என்று அவள் சிரித்தாள்.

செல்லம்மா அக்கா உள்ளேயிருந்து வந்தார். யாரையும் பார்க்காமல் கிணற்றில் வாளியை விட்டு இறைத்து, பிள்ளையின் குடத்தை நிரப்பி, படல் வரைக்கும் தூக்கிக்கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

கருப்பையா நாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "டீச்சரு, புள்ளைகளுக்கு மட்டும் சொல்லிக்குடுங்க" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது டைகர் இல்லை. காலையில் கருப்பையா அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு திருமயம் சாலையில் போனதாக அக்கா சொன்னார். இருட்டுகிற நேரத்தில் கருப்பையா திரும்பினார். கையில் வெறும் சங்கிலி. "ஒரு எடத்துல விட்டுட்டேன்" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. கழியும் சட்டையும் அப்புறம் கண்ணில் படவில்லை. கிணற்றடியில் ராசு இறைக்கும்போது கருப்பையா வீட்டுக்குள் போய்விடுவார்.

வள்ளி ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தாள்: "டைகரு எங்க டீச்சர்?" நல்ல வீட்டில் இருக்கிறது, கறிச்சோறு போடுகிறார்கள் என்றேன். அந்த வீட்டிலேயே இன்னும் பதினோரு மாதம் குடியிருந்தேன். தினமும் காலையில் கருப்பையாவுக்கு வணக்கம் சொன்னேன்.

போன வருஷம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். காரை நிறுத்தச் சொன்னேன். கிணற்றைத் தூர்த்து மேலே செல்போன் கடை கட்டியிருக்கிறார்கள். அண்ணனும் தம்பியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். செல்லம்மா அக்காவும் இல்லை. வண்டி போன தடம் நாலு வழிச் சாலையாகிவிட்டது. அந்த நாயை எங்கே விட்டார், எப்படி விட்டார் என்று சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் ஒரே வீட்டில், ஒரே கூரையின்கீழ், என்னோடு பதினோரு மாதம் இருந்தார்கள். நான் ஒருநாள்கூடக் கேட்கவில்லை.