அழித்தெழுதிய எண்

பென்சிலால் எழுதியிருந்த 238ஐ ரப்பரால் தேய்த்துவிட்டு, அதே இடத்தில் 121 என்று எழுதினேன். நான் லாஸ்பேட்டையில் பி.எஸ்சி. வேதியியல் படித்த எழுபதுகளில் நடந்தது அது. பென்சீனில் ஒரு பொருளைக் கரைத்தால் பென்சீன் உறையும் வெப்பநிலை சற்று இறங்கும். எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, கரைத்த பொருளின் மூலக்கூறு எடையைக் கணக்கிட வேண்டும். வழக்கமாக நாப்தலீன் கொடுப்பார்கள். அந்த வருடம் அது தீர்ந்துபோனதால், தற்காலிகமாக வந்திருந்த சார் பென்சாயிக் அமிலத்தைக் கொடுத்தார். அதன் எடை 122. எனக்கு வந்ததோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஐஸ் முக்கால்வாசி உருகிவிட்டது, மணி அடிக்கப்போகிறது. விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வெப்பமானி அளவுகளையே மாற்றினேன். சார் "வெரி குட்" என்று கையெழுத்துப் போட்டார்.

அந்த நுண்ணிய வெப்பமானி ஒன்றுதான் இருந்தது. ஒரு வகுப்புக்கு ஒருவர்தான் செய்ய முடியும். முதல் ஆள் நான். அடுத்த வாரம் செய்த மூன்று பேருக்கும் 240ஐ ஒட்டியே வந்தது. சார் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு அட்டெண்டரைக் கூப்பிட்டார். மில்லில் வேலை போன பிறகு இங்கே சேர்ந்தவர் அவர். முத்தியால்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். இன்னும் நிரந்தரமாகவில்லை. நாங்கள் அண்ணே என்போம்.

"சாவி உங்கிட்டதானே இருக்கு? நல்லத வெளியில குடுத்துட்டு இதுல எதையோ போட்டு வெச்சிருக்கியா?"

"இல்ல சார். மில்லுல இருந்தப்பகூட ஒரு நூல்கண்ட வூட்டுக்கு எடுத்தும்போனதில்ல நானு." என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. உனக்குக் குடுத்தது இதே பாட்டில்தான?"

"ஆமாண்ணே."

"அதத்தான்யா நானும் சொல்றேன்," என்றார் சார். "அவ செஞ்சப்ப சரியா வந்துச்சு. அதுக்கப்புறம் என்ன ஆச்சு?"

வாய் திறந்திருக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன். திங்கட்கிழமை துறைத் தலைவர் விசாரிப்பார் என்றார்கள். மறுநாளிலிருந்து கேட்டில் அண்ணனுடைய சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்தார்கள்.

சனிக்கிழமை முழுவதும் நூலகத்தில் தேடினேன். சாயங்காலம் ஒரு தடித்த புத்தகத்தில் கிடைத்தது. பின்னாளில் ஆசிரியையாகிக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்த படம்தான். கார்பாக்சிலிக் அமில மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நீட்டுவதற்கு ஒரு ஹைட்ரஜனும், பற்றிக்கொள்ள ஓர் ஆக்சிஜனும் உண்டு. இரண்டு மூலக்கூறுகள் எதிரெதிரே வரும்போது இதன் ஹைட்ரஜனை அதன் ஆக்சிஜனும், அதன் ஹைட்ரஜனை இதன் ஆக்சிஜனும் இழுத்துப் பிடிக்கும். இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள். நடுவில் ஒரு வளையம். தண்ணீராக இருந்தால் இடையில் புகுந்து தானே பற்றிக்கொண்டு ஜோடியைப் பிரித்துவிடும். பென்சீனால் அது முடியாது. அதனால் ஜோடி ஜோடியாகவே மிதக்கும். எடையும் இரு மடங்காகத் தெரியும். பாட்டிலில் இருந்தது சுத்தமான பென்சாயிக் அமிலம்தான். நான் அழித்த எண்தான் சரியான எண்.

திங்கட்கிழமை தலைவரின் அறை வாசலில் அண்ணன் பையோடு நின்றிருந்தார். அவரைத் தாண்டி உள்ளே போனேன். "மேடம், என் ரெக்கார்டுல இருக்கிறது பொய்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் சாரிடமிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனார். அமிலத்தை ஆல்கஹாலில் கரைத்து, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தானே அளந்தார். காரத்தில் ஜோடி நிற்காது. ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனியாகவே கணக்கில் வரும். நாங்கள் எல்லோரும் பியூரெட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். விடை 122. "பாட்டில்ல ஒரு தப்பும் இல்ல," என்றார் மேடம். சார் தரையைப் பார்த்தார். எனக்கு அந்தச் சோதனைக்குச் சைபர்.

வராந்தாவில் அண்ணனிடம், "மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன்.

"அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

படிப்பு முடியும்வரை நான் கேட்டதை எல்லாம் குறைவில்லாமல் எடுத்துக் கொடுத்தார். மற்ற பெண்களை வாம்மா, போம்மா என்றுதான் கூப்பிட்டார். என்னிடம் மட்டும், "என்ன வேணும், சொல்லுங்க" என்பார்.