மூலை திரும்பிய ரேந்தை

2009 செப்டம்பரில் மேற்படிப்புக்காக லண்டன் வந்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதைச் சொல்லாமல் யாரிடமும் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டதில்லை. செவன் கிங்ஸில் வாடகை அறை பார்க்கப் போன வீட்டிலும் வாசலிலேயே சொன்னேன். கதவைத் திறந்த எமில்டா ஆன்ட்டி, "நல்லது தம்பி. வந்து அந்தக் கதிரையில இரும். ரேந்தைக்கு மேல மட்டும் இருந்திடாதையும்" என்றார்.

கதிரை என்றால் நாற்காலி என்று ஊகித்துக்கொண்டேன். ரேந்தை புரியவில்லை. சோபாவில் உருளைத் தலையணை ஒன்று கிடந்தது. அதில் நெருக்கமாகக் குண்டூசிகள். நூல் சுற்றிய மெல்லிய மரக்குச்சிகள் ஜோடி ஜோடியாகத் தொங்கின. ஆன்ட்டி அதை மடியில் எடுத்துக் குச்சிகளை மாற்றி மாற்றிப் போடப் போட, ஊசிகளுக்கு நடுவே வெள்ளை லேஸ் வளர்ந்தது. அந்த லேசுக்குத்தான் யாழ்ப்பாணத்தில் ரேந்தை என்று பெயர்.

அந்த வீட்டிலேயே அறை எடுத்துத் தங்கினேன். ஆன்ட்டியின் ஊர் யாழ்ப்பாணத்தில் குருநகர். அவருடைய அம்மா செபமாலைமுத்து, கன்னியர் மடத்தில் ஐரோப்பியச் சகோதரிகளிடம் இந்த வேலையைப் பழகியவர். அவரிடமிருந்து ஆன்ட்டிக்கு வந்தது. ஆன்ட்டியிடமிருந்து மகள் மேனுஷா அக்காவுக்கு. அக்கா பார்மசிஸ்ட். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் கை குச்சிகளைப் போடும்.

நவம்பரில் அக்காவுக்குக் கல்யாணம். தேவாலயத்தில் மணப்பெண் தலையில் போடும் சதுர முக்காட்டுக்கு நான்கு பக்கமும் ரேந்தை வைக்கத் தாயும் மகளும் முறை போட்டுச் செய்தார்கள். பக்கங்கள் அழகாக வந்தன. மூலைதான் தகராறு. செபமாலைமுத்துவுக்கு நேராகப் போகத்தான் தெரியும். மூலை வந்தால் சுருக்கித் தைத்துவிடுவார். ஆன்ட்டியும் அப்படியே தைத்தார்.

அக்கா கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்தார். "அம்மா, நாலு மூலையிலயும் கத்தரிக்காய் கட்டித் தொங்கவிட்ட மாதிரி கிடக்கு."

"என்ர கலியாணத்துக்கு அம்மம்மா செய்ததும் இப்பிடித்தான்."

"அதாலதான் அந்த ஆல்பத்தை ஒருத்தருக்கும் காட்டுறேல்லையோ? ஏலாட்டி விடுங்கோ. கடையில ஒண்டு வாங்குவம்."

ஆன்ட்டி முக்காட்டை மடித்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். அன்று கறியில் உப்பே இல்லை.

லேஸ் செய்யும் பெண்கள் வியாழக்கிழமைகளில் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடுவதாக நூலகத்தில் அறிவிப்பு பார்த்தேன். "அவையளின்ர இங்கிலிஷ் எனக்கு விளங்காது" என்று தயங்கியவரை, நான் மொழிபெயர்க்கிறேன் என்று கூட்டிப்போனேன்.

மண்டபத்தில் ஏழெட்டுப் பெண்கள். மூலை எப்படித் திரும்புவது என்று என் ஆங்கிலத்தில் கேட்டேன். ஒரு பாட்டி, நாங்கள் வழி தவறி வந்துவிட்டோம் என்று நினைத்து, தெருமுனை வரை வந்து காட்டுவதற்குத் தன் மேல்கோட்டை எடுத்துவிட்டார்.

ஆன்ட்டி பொறுமையிழந்து முக்காட்டை மேசையில் விரித்தார். "ரேந்தை! ரேந்தை!"

கடைசியில் இருந்த பெண் நிமிர்ந்தார். "ரெந்தா?"

அவர் பெயர் ஒடெட். போர்த்துக்கல்லில் கடலோர ஊர்க்காரர். இங்கே ஒரு கஃபேயில் வேலை. பக்கத்து நாற்காலியைத் தட்டி, "கதெய்ரா" என்றார். ஆன்ட்டி உட்கார்ந்தேவிட்டார்.

"தம்பி, இவ யாழ்ப்பாணத்தில இருந்தவவோ?"

"இல்ல ஆன்ட்டி, அந்தக் காலத்துல போர்த்துக்கீசியர் உங்க ஊரை ஆண்டப்ப விட்டுட்டுப் போன சொல்லு. நான் அவங்ககிட்ட கேட்டு—"

"நீர் சும்மா இரும். எனக்கு விளங்குது."

ஒடெட் ஊசிகளைச் சாய்வாக ஒரு கோட்டில் குத்தினார். குச்சிகளை அந்தக் கோட்டில் வரிசையாக நிறுத்தினார். பிறகு தலையணையைக் கால்வட்டம் திருப்பினார். அதே குச்சிகள் அங்கிருந்து புதுத் திசையில் புறப்பட்டன. சுருக்கமே இல்லை. ஆன்ட்டி குனிந்து, "அட, தலையணையை எல்லோ திருப்ப வேணும்! நாங்கள் துணியைத் திருப்பினம்" என்றார்.

மூன்றாவது வியாழக்கிழமை, செய்து முடித்த ஒரு மூலையை ஆன்ட்டி மேனுஷா அக்காவின் முன்னால் வைத்தார்.

"இது எந்தக் கடையில வாங்கினது?"

"உன்ர அம்மாவின்ர கடையில."

அக்கா அன்று டிவி போடவில்லை. தாயிடம் கேட்டுக் கேட்டு அடுத்த மூலையை அவரே தொடங்கினார். ஆளுக்கு இரண்டு மூலை. சுருக்கியதை வெட்டியெடுத்துவிட்டுப் புதியதை நேர்ப் பட்டிகளோடு இணைத்தார்கள். கல்யாணத்தன்று முக்காட்டின் நான்கு மூலைகளும் தட்டையாகப் படிந்து கிடந்தன. ஒடெட் முன் பெஞ்சில் உட்கார்ந்து, மணமக்களை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனுஷா அக்கா இப்போது ஹரோவில் இருக்கிறார். ஒரு ரேந்தைத் தலையணையைக் கொண்டுபோயிருக்கிறார். எமில்டா ஆன்ட்டி செவன் கிங்ஸில்தான். வியாழக்கிழமைகளில் மண்டபத்துக்குப் போய், ஒடெட்டோடு சேர்ந்து தேவாலயப் பீடத்துக்கு விரிப்பு செய்துகொண்டிருக்கிறார்.