மறுபக்கம் பிடித்த சுத்தியல்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் என் ஷெட்டுக்கே வந்து கேட்கலாம். உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகும் சாலையில் பச்சமுத்து மெக்கானிக் என்றால் யாரும் காட்டுவார்கள். நான் எதையும் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை. ஜாக்கியைக்கூட நம்பாமல், கட்டை வைத்துத்தான் வண்டிக்கு அடியில் போவேன்.

போன பங்குனியில் ஜான்சன் ஒரு பழைய சுமோவைக் கொண்டுவந்தான். மூன்று கை மாறிய வண்டி. வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை. அவன் மனைவி பிரிஸ்கில்லாவுக்கு நிறைமாதம். இடது முன்சக்கரத்தில் கடகடவென்று சத்தம்.

"காலைல பிரிஸ்கில்லாவ செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும்ணா. கொயந்த தல திரும்பலியாம். எப்டியாவது முடிச்சிக் குடு."

"அடிபட்ட வண்டியா இது?"

"சேச்சே. ஒரு கீறல்கூட இல்லன்னுதாண்ணா வித்தான்."

அடிபட்ட வண்டி என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டாமல் நான் ஸ்பேனர் வைப்பதில்லை. அவன் இல்லை என்றதால் விட்டுவிட்டேன்.

பால் ஜாயிண்ட் போயிருந்தது. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் உருண்டை மூட்டு அது. நட்டைத் தளர்த்திவிட்டு அடி அடியென்று அடித்தேன். துருவேறி இறுகிக் கிடந்தது, அசைவேனா என்றது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டக் கொடுக்க, மற்றவன் மறுபக்கம் ஓங்கி அடிக்க வேண்டும். ஜான்சனோ டீ வாங்கப் போயிருந்தான்.

மணி ஆறே முக்கால். கரண்ட் போனது. செல்போன் வெளிச்சத்தில் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன்.

சப்... சப்...

செருப்புச் சத்தம். ஆனால் ஒரு காலுக்குத்தான் சத்தம் வந்தது.

பம்பருக்கு முன்னால் இரண்டு கால்கள் வந்து நின்றன. ஒன்றில் நீல ரப்பர் செருப்பு. மற்றது வெறுங்கால். இரண்டும் ஈரம். ஆற்று மணல் ஒட்டியிருந்தது. மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"ஜான்சா, அந்த சுத்தியல அண்டக் குடு."

சுத்தியல் வந்து ஒட்டியது. நான் அடித்தேன்.

டங்!

மறுபக்கமிருந்து உடனே... டங்!

நான் பிடிக்கத்தான் சொன்னேன்.

டங்... டங்...

பட்டென்று மூட்டு விட்டது.

"அந்தப் பக்கமும் பாரு, நைனா."

ஜான்சன் குரல் இல்லை அது.

வெளியே ஊர்ந்து வந்தேன். யாரும் இல்லை. சுத்தியல் தரையில் கிடந்தது. பிடி நனைந்திருந்தது.

ரோட்டுக்கு அப்பால் ஜான்சன் டீயோடு வந்துகொண்டிருந்தான். காலில் ஷூ.

பயந்துவிட்டேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனாலும் வலது சக்கரத்தைப் பார்த்தேன். நட்டு கழன்றுவிடாமல் இருக்க அதில் ஒரு பின்னைச் செருகி மடக்குவோம். அந்தப் பின்னைக் காணோம். நட்டு கடைசி மரையில் தொங்கியது. அப்படியே ஓட்டியிருந்தால் நடுவழியில் சக்கரம் மடங்கியிருக்கும்.

இறுக்கி, புதுப் பின் போட்டு, அதன் இரண்டு முனைகளையும் மடக்கினேன். இடது பக்கத்தையும் முடித்தேன். காலையில் அவர்கள் கிளம்பினார்கள்.

பெண் குழந்தை. பத்து நாள் கழித்து, வீடு திரும்பும் வழியில் ஷெட்டில் நிறுத்தினார்கள். பிரிஸ்கில்லா மடியில் குழந்தை தூங்கியது. ஜான்சன் மட்டும் இறங்கி என்னைத் தள்ளிக்கொண்டு போனான்.

"ஏமாத்திட்டாண்ணா. அடிபட்ட வண்டிதான் இது."

முன்பு ஓட்டியவர் பெயர் கோபால். திருமுக்கூடல் பாலத்தில் வலது சக்கரம் மடங்கி வண்டி கைப்பிடிச் சுவரில் மோத, அவர் வெள்ளத்தில் போய் விழுந்திருக்கிறார். உடல் இரண்டு நாள் கழித்துக் கிடைத்ததாம்.

"ஒரு காலுல மட்டும் செருப்பு இருந்திச்சாம். நீல ரப்பர் செருப்பு."

நான் அவனுக்கு அந்தக் கால்களைப் பற்றிச் சொல்லவே இல்லை.

நேரே போய் வலது சக்கரத்துக்கு அடியில் குனிந்தேன்.

பின் இல்லை.

நட்டு கடைசி மரையில் தொங்கியது...

தாயையும் பிள்ளையையும் இறக்கி ஆட்டோவில் அனுப்பினேன்.

அந்தப் பின்னை இந்தக் கையால்தான் மடக்கினேன்.