பதினோராவது கணு

நாலு பேர் கூடிய இடத்தில் என் அண்ணன் சகாயராஜ் நின்றால் அவனுடைய வலதுகைக் கட்டைவிரல் சும்மா இருக்காது. ஆள்காட்டி விரலின் அடிக்கணுவில் தொடங்கி, விரலுக்கு மூன்று கணுவாக மெல்ல நகர்ந்து போகும். சுண்டுவிரலின் நடுக்கணுவைத் தொட்டால் பதினொன்று. அதுவரை போய்விட்டால் கையைத் தளர விடுவான். போகாவிட்டால் விரல்களை மடக்கி மூடிக்கொள்வான். கோயிலில் பூசை நேரத்தில், பஸ்ஸுக்கு நிற்கையில், சாவு வீட்டில்கூட இதைப் பார்த்திருக்கிறேன். மகன் மனசுக்குள் ஜெபமாலை சொல்கிறான் என்று அம்மா நினைத்தாள். அவன் ஆட்டக்காரர்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

விருத்தாசலத்திலிருந்து கம்மாபுரம் போகும் சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். 1997இல், விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை ஷெட்டுகளில் வேலை செய்த எங்கள் ஊர் ஆட்கள் பதினொரு பேரைச் சேர்த்து, அண்ணன் சவேரியார் கால்பந்துக் குழுவைத் தொடங்கினான். அவனுக்குச் சூளையில் சரக்கு அடுக்குகிற வேலை. ஷெட்டில் உடைந்துபோன பிளாஸ்டர் அச்சுகளைச் சாக்கில் கட்டிவந்து, இடித்துத் தூளாக்கி மைதானத்தில் கோடு போட்டார்கள். வெளியூருக்கு ஆடப் போனால், "பொம்மக் கட வந்துட்டுதுடா! பாத்து இடிங்க, ஒடஞ்சிடப் போவுது!" என்று கத்துவார்கள். உடையவில்லை. வட்டார லீக்கில் இரண்டு தடவை அரையிறுதி வரைக்கும் போனார்கள்.

2002இல் எனக்குக் கல்யாணம். பெண் பார்க்க வந்த செல்வநாதனிடம் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "நல்ல ஒசரமா இருக்கறீங்களே, கோலுக்கு நிப்பீங்களா?"

"டேய், மொதல்ல என்னா வேலன்னு கேளு" என்று அம்மா உள்ளிருந்து சொன்னாள்.

"ஐ.டி.ஐ. பிட்டரு. கோலுக்கும் நிப்பேன்" என்றார் அவர். அப்படித்தான் கோல்கீப்பர் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையானார்.

அதற்கடுத்த வருஷத்திலிருந்து ஷெட்டுகளில் ஒவ்வொன்றாகச் சூளை அணைந்தது. ஒருவன் திருப்பூருக்குப் போனான், இரண்டு பேர் துபாய்க்கு, ஒருவன் சென்னையில் கொத்து வேலைக்கு. அண்ணனின் கட்டைவிரல் பத்தில் நின்றது, பிறகு ஒன்பதில். 2006இல் மோதிரவிரலின் முதல் கணுவுக்கு வந்துவிட்டது. ஏழு.

ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் கிடையாது. ஒரே வருஷத்தில் மூன்று ஆட்டத்துக்குக் குழு வராவிட்டால் லீக் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். அந்த வருஷம் ஏற்கெனவே ஆள் சேராமல் இரண்டு ஆட்டம் போயிருந்தது. மிச்சம் இருந்தது ஒன்றுதான், ஆகஸ்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்றரைக்கு. எங்கள் பக்கத்து நிலத்தையெல்லாம் சுரங்கத்துக்கு எடுக்கப்போகிறார்கள் என்று ஊரில் அப்போது பேச்சு.

"நாளைக்கி ஊரே இருக்குமோ என்னமோ" என்றான் அண்ணன். "நம்ம ஊரு பேரு அச்சடிச்ச தாளுல வேற எங்கன்னா இருக்குதா, சொல்லு மேரி. அந்த லிஸ்டுல மட்டுந்தான் இருக்குது."

அதே வாரத்தில் என் வீட்டுக்காரருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அசல் சான்றிதழோடு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். நாலு வருஷமாகத் தேடிய வேலை.

"ஆட்டம் முடிஞ்சி ராத்திரி பஸ்ஸுல போங்க மாப்ள" என்று அண்ணன் கெஞ்சினான்.

"தூங்காம போயி வேலய செஞ்சி காட்டுன்னா கையி நடுங்கும் மச்சான். மதியமே கெளம்பிடறேன். மன்னிச்சிக்குங்க."

அண்ணன் கையை மூடிக்கொண்டு போனான்.

நானும் அண்ணன் வேலை செய்த ஷெட்டில்தான் இருந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியதிலிருந்து, அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளின் ஓரத்தை ஈரப் பஞ்சால் துடைக்கிற வேலை. சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். கும்பலில் உட்கார்ந்து சாப்பிட எனக்குக் கூச்சம். பொம்மை காயவைக்கும் பலகைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் உள்ளே வந்தான். பனியனுக்குள்ளிருந்து ஒரு மடித்த தாளை எடுத்தான். பச்சைக் கரை போட்ட தாள். என் வீட்டுக்காரரின் சான்றிதழ், முந்தின நாள் நானே பைலில் வைத்து அவர் பையில் போட்டது. அண்ணன் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனது இதற்குத்தான். ஒரு செட்டியார் பொம்மை அச்சைப் பிரித்து, தாளை உள்ளே வைத்து, இரண்டு பாதியையும் சேர்த்து, சைக்கிள் டியூப் வாரால் கட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை அரை நாள்தான் வேலை, சாப்பிட்டதும் கிளம்பிவிடுவோம். திங்கட்கிழமைவரை அச்சை யாரும் தொடமாட்டார்கள், ஆட்டம் முடிந்ததும் எடுத்துக் கொடுத்தால் ராத்திரி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். சூளைப் பக்கமே இருந்தவனுக்கு ஒன்று தோன்றவில்லை. கட்டி வைத்த அச்சு என்றால் களிமண் கூழ் ஊற்ற வேண்டிய அச்சு.

சாப்பாடு முடிந்து முதலாளி வந்தார். "கொலு ஆர்டரு நிக்குது. மதியத்துக்கும் ஊத்திட்டுப் போயிடுங்க."

வீரம்மாள் அக்கா களிமண் கூழைக் குவளையில் மொண்டு, வரிசையின் அந்தக் கோடியிலிருந்து ஊற்றிக்கொண்டே வந்தார். அந்த அச்சுக்கு முன்னால் இன்னும் ஆறு அச்சு இருந்தது. பிறகு நாலு. முதலாளி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். சொன்னால் அண்ணன் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் வேலை. எழுந்து நின்றேன்.

"என்னாடி மேரி, தண்ணி வேணுமா?" என்றார் அக்கா.

முதலாளி திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லக்கா" என்று உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா அந்த அச்சைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "எந்த மகராசன் கட்டுனான் இத? கோவணம் கட்டுன மாரி இருக்குது!" வாரை இறுக்கிக் கட்டிவிட்டு ஊற்றினார்.

ஐந்து மணிக்கு எல்லாரும் போன பிறகு அண்ணனிடம் சொன்னேன். ஓடிவந்து அச்சைப் பிரித்தான். செட்டியாரின் வயிற்றுக்குள் தாள் சேறாக ஒட்டியிருந்தது. தண்ணீரில் அலசி, சூளைச் சுவரின் சூட்டில் காயவைத்தோம். அச்சடித்த எழுத்து நின்றது. முத்திரையும் கையெழுத்தும் ஊதாக் கறையாகப் பரவிப்போயிருந்தன.

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் கட்டைவிரல் நகர்ந்தது. மோதிரவிரலின் முதல் கணுவில் நின்றது.

"நாளைக்கி ஆட்டம் முடியட்டும் மேரி. நானே அவரு கால்ல வுழறேன்."

"இப்பவே சொல்லிடு அண்ணா. வேற வழின்னா பாப்பாரு."

"ஏழு பேருதான் இருக்கறோம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டையே புரட்டிப்போட்டுத் தேடினார். இல்லாத தாளை நானும் அவரோடு சேர்ந்து தேடினேன். அரிசிப் பானைக்குள்கூடக் கையை விட்டுப் பார்த்தேன். மதிய பஸ் போய்விட்டது. மூன்று மணிக்கு அண்ணன் வாசலில் வந்து நின்றான். "ஆடிட்டு வந்து தேடலாம் மாப்ள. எங்க போயிடப் போவுது."

அவர் கையுறையை எடுத்துக்கொண்டு போனார்.

பதினொரு பேருக்கு எதிராக ஏழு பேர். நான் மைதானத்து ஓரம் பெண்களோடு நின்றிருந்தேன். முதல் பாதியிலேயே ஐந்து கோல். "மீதி நாலு பேரு சூளையில வேவுறாங்களாடா?" என்று யாரோ கத்தினார்கள். இரண்டாம் பாதியில் அன்புச்செல்வனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவன் வெளியே போனால் ஆறு, ஆட்டம் நின்றுவிடும். "ஆட வேணாம்டா, நில்லு! நின்னா போதும்!" என்று அண்ணன் அழுதுகொண்டே கத்தினான். அன்புச்செல்வன் கடைசிவரைக்கும் ஒற்றைக்காலில் நின்றான். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து பந்தைப் பிடித்தார். அப்படியும் ஒன்பது கோல். நடுவர் நீட்டிய தாளில் ஊர்ப் பெயருக்கு நேராக அண்ணன் கையெழுத்துப் போட்டான். பெயர் தப்பித்தது.

பிறகு கைக்குட்டையில் சுற்றிவைத்திருந்ததை அவரிடம் கொடுத்தான்.

"இது எங்க இருந்துது மச்சான்?"

"பொம்மைக்குள்ள."

காலில் விழுகிறேன் என்று சொன்னவன் நின்றுகொண்டே இருந்தான். அவரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு, அந்தக் கறைத் தாளோடு ராத்திரி பஸ் ஏறினார். புதன்கிழமை திரும்பி வந்தார். முத்திரை இல்லாத தாளைக் கம்பெனி கேட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். புதுச் சான்றிதழ் வாங்க ஐந்து மாதம் ஆனது. அதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் அவர் ஆடப் போகவில்லை. ஆறு பேர் ஆனார்கள். மூன்று ஆட்டம் வரிசையாகப் போயிற்று. பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டதாகத் தபாலில் ஒரு கார்டு வந்தது. அண்ணன் அதை வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறான்.

அன்று ஷெட்டில் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்பதைப் போன தவக்காலத்தில் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மேரி" என்றார்.

இப்போது 2009. அவர் வேப்பூரில் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் வேலை செய்கிறார். சனிக்கிழமைதோறும் வந்துகொண்டிருந்தவர் தவக்காலத்துக்குப் பிறகு மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறார். சுரங்கத்துக்கு இன்னும் நிலம் எடுக்கவில்லை. ஊர் அப்படியே இருக்கிறது. மைதானத்தில் கோல் கம்பங்களுக்கு நடுவே எள் காயப்போடுகிறார்கள். அண்ணனுக்கு முப்பத்தொன்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதே ஷெட்டில் சூளை அடுக்குகிறான். அவனும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொள்வதில்லை. கோயிலில் அவன் கட்டைவிரல் இப்போதும் நகர்கிறது.