தேர் சீக்கிரம் வந்துவிட்டது
ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்துவிட்டதென்று வேட்டுப் போட்டார்கள். இன்னும் மதியச் சோறு வடிக்கவில்லை.

என் சின்ன வயதில் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் நிலை சேர நாள்கணக்காகும். அதுவரை யாரும் ஊரைவிட்டுப் போவதில்லை. ராஜபாளையத்தில் வாக்கப்பட்ட அக்கா எங்களோடு தங்குவது அப்போது மட்டும்தான். அத்தான் கூப்பிட வந்தால் அப்பா, "ஆண்டாளே நடுத்தெருவுல நிக்கா, எம்பிள்ளைய எப்படி மாப்ள அனுப்புவேன்?" என்பார். அக்கா என் காதில், "ஏட்டி, தேரு நகரக்கூடாதுன்னு வேண்டிக்கோ" என்பாள். நானும் வேண்டிக்கொள்வேன்.

இப்போது இரும்புச் சக்கரம், பின்னால் தள்ள புல்டோசர். காலம் கெட்டுப்போச்சு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேர் நன்றாகத்தான் ஓடுகிறது.

காலையில் வந்த அக்கா, வேட்டுச் சத்தம் கேட்டதும் பையை எடுத்தாள்.

"செத்த நேரம் இருந்துட்டுப் போக்கா."

"அதான் தேரு வந்துருச்சுல்லட்டி, பொறவென்ன?" என்றாள்.