எங்கள் வீட்டுக்கு ஒரு துவக்கு

மகளுக்குத் தள்ளுவண்டி வாங்க நான் ஒரு குளிர்காலம் முழுவதையும் செலவழித்தேன். சில்லின் அகலம், பிறேக்கின் பிடி, மழைக்கு மூடும் துணி என்று எல்லாவற்றையும் ஒப்பிட்டேன். அறிமுகமில்லாத தாய்மாரை ஒஸ்லோவின் நடைபாதைகளில் மறித்து விசாரித்தேன். கடைசியில் எல்லாரும் திறம் என்று சொன்ன வண்டியை வாங்கி வந்தால், அது ஹொல்ம்லியாவில் எங்கள் கட்டடத்து லிப்டுக்குள் நுழையவில்லை. மகள் நடக்கத் தொடங்கும்வரை வண்டியை மடித்து ஒரு கையிலும் பிள்ளையை மற்றக் கையிலுமாகத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

இப்படிப்பட்ட ஒருத்தி தனக்கு ஒரு பிஸ்ரல் துவக்குத் தெரிவு செய்யப் போகிறாள் என்று கேட்டதும் என் கணவர் முதலில் சிரித்தார்.

"லிப்டுக்குள்ளை போகுமோ எண்டு அளந்துபோட்டு வாங்கும்."

நான் சிரிக்காததைக் கண்டதும் அவரும் நிறுத்திவிட்டார்.

இதையெல்லாம் தொடக்கி வைத்தது குழந்தைகளை நிறுத்துப் பார்க்கும் சுகாதார நிலையத்துத் தாதி. மகளின் இரண்டு வயதுப் பரிசோதனைக்குப் போனபோது அவரிடம் நான் கேட்ட கேள்விகள் முடிகிற மாதிரி இல்லை. அவர் பேனையைக் கீழே வைத்தார். "பிள்ளை நன்றாக இருக்கிறாள். நீதான் களைத்துப் போயிருக்கிறாய். வாரத்தில் ஒரு மாலை உனக்கென்று ஏதாவது செய்" என்றார். நல்ல மனுசி, சும்மா ஆறுதலுக்குச் சொல்லியிருப்பார். நான் அதை அன்ரிபயோட்டிக் போல எடுத்துக்கொண்டேன். தொடங்கினால் இடையில் நிறுத்தக்கூடாது.

முதலில் நீச்சல். தண்ணீரில் இறங்கும் முன் எல்லாப் பெண்களும் ஒரே அறையில் உடுப்பில்லாமல் குளிக்க வேண்டும் என்ற விதியை வாசித்ததோடு அது முடிந்தது. அடுத்தது பின்னல். நான் பின்னிய சோடிக் காலுறையில் ஒன்று மகளுக்கும் மற்றது எனக்கும் அளவாக வந்தது. மூன்றாவதாகத்தான், ஆய்வுகூடத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்யும் நோர்வேஜியப் பெண், புதன்கிழமைகளில் தான் போகும் பிஸ்ரல் கழகத்துக்கு என்னையும் வரச் சொன்னாள். மறுக்கத்தான் நினைத்தேன். ஆனால் அவள் அந்த நேரம் என் கோப்பைக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். கோப்பி ஊற்றுகிறவரிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தெரியாது.

கழகம் ஒரு குடியிருப்பின் அடியில், போர்க்காலத்தில் சனங்கள் பதுங்குவதற்கென்று கட்டிய நிலவறைக்குள் இருந்தது. சண்டை நடந்த எங்கள் ஊரில் நாங்கள் பங்கருக்குள் ஓடியது வெடிக்குத் தப்ப. இங்கே சம்பளம் எடுக்கும் மனிதர்கள் வேலை முடிந்து வந்து பங்கருக்குள் வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் சத்தம் கேட்டபோது நான் நிலத்தில் குப்புறக் கிடந்தேன். யாரும் படுக்கச் சொல்லவில்லை. உடம்பு தானாகப் படுத்துவிட்டது. பக்கத்து மேசைக்காரி என் தோடு விழுந்துவிட்டதென்று நினைத்துத் தானும் குனிந்து தேடினாள். "கிடைத்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டு எழும்பினேன்.

இனிப் போவதில்லை என்றுதான் அன்று வீட்டுக்கு வந்தேன். அடுத்த புதனும் போனேன். காதை மூடிக்கொண்டு, கையை நீட்டி, குறிமுனையைப் பார்த்தபடி மெதுவாக விசையை அழுத்தும்போது, மகளுக்கு இருமலா, அடுப்பை நிற்பாட்டினேனா, பார்னஹாகே என்கிற பாலர் பள்ளியில் நாளைக்கு என்ன கொடுத்துவிட வேண்டும் என்று எதுவுமே தலைக்குள் இருக்காது. அதைவிடவும் ஒன்று. நான் பிறந்ததிலிருந்து கேட்ட வெடிச்சத்தங்களில், எப்போது கேட்கப் போகிறது என்று எனக்கே தெரிந்திருந்தது இது ஒன்றுதான். வாரத்தில் ஒரு மாலை அந்தச் சத்தம் என் விரலுக்குக் கீழ்ப்படிந்தது. அதை விட மனம் வரவில்லை.

ஆனால் கழகத்துப் பிஸ்ரல்கள் பழகுகிறவர்களுக்கு உரியவை. கோடை முடிந்ததும் புதியவர்கள் வருவார்கள். அதற்குள் சொந்தமாக ஒன்று எடுக்காவிட்டால் என் புதன்கிழமை போய்விடும். எந்தப் பிஸ்ரல் என்று முடிவு செய்த பிறகுதான் பொலிசிடம் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். முதன்முதல் வாங்குகிறவர்களுக்கு அரைத் தானியங்கிதான் நல்லது என்று கழகத்தில் சொன்னார்கள். ஒருமுறை விசையை அழுத்தினால் ஒரு ரவைக் குண்டு போகும், அடுத்ததை அதுவே ஏற்றிக்கொள்ளும். மற்றப் பாதி வேலை நான் செய்ய வேண்டும். கவலைப்பட வேண்டிய பாதி அதுதான்.

கணவர் பஸ் ஓட்டுகிறவர். ஊரை விட்டு வரும்போது அவருக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் துவக்கைப் பற்றிக் கதைக்கவே மாட்டார். அன்று கதைத்தார்.

"துவக்கு இருந்த வீடுகளை எனக்குத் தெரியும்."

"இது விளையாட்டப்பா. கடதாசிக்குத்தான் சுடுறது."

"அங்கையும் முதல் கடதாசிக்குத்தான் சுட்டவங்கள்."

"அப்ப நான் விடட்டோ?" என்று கேட்டேன்.

"விடச் சொல்லி நான் சொன்னனானே? நீர் யோசிச்சுச் செய்யும்."

என்னிடம் யோசித்துச் செய் என்று சொல்வது, குடிகாரனிடம் இன்னும் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு முடிவெடு என்று சொல்வது போல. அந்தக் கிழமை முழுவதும் யோசித்தேன். சமைக்கும்போது வாங்குவதென்றும், மகளைக் குளிக்க வார்க்கும்போது வாங்குவதில்லை என்றும் முடிவெடுத்தேன். கோயிலில் வரிசையில் நின்று அம்மனிடம் கேட்கலாமென்று வாயெடுத்தேன். அம்மன் கையிலேயே அத்தனை ஆயுதங்கள். நடுநிலையாகப் பதில் வராது என்று தோன்றியது.

பக்கத்து மேசைக்காரிதான் வழி சொன்னாள். தன் வீட்டில் பிஸ்ரலைக் கழற்றி, மேல்பகுதியை ஓரிடத்திலும் மிச்சத்தை வேறிடத்திலும் பூட்டி வைப்பாளாம். தனித்தனியே இருந்தால் அவை இரண்டு இரும்புத் துண்டுகள்தானாம். இதை வந்து கணவரிடம் சொன்னேன்.

"ஆர் கழட்டுறது?"

"நான்தான்."

"ஊறுகாய்ப் போத்தல் மூடியைக்கூட என்னட்டைத் தாறனீர்." மகளின் சப்பாத்துகளை எடுத்து ஒழுங்காக வைத்தார். "சரி, கடைக்கு நானும் வாறன். பாப்பம்."

சனிக்கிழமை மூவரும் போனோம். வேட்டைச் சாமானும் மீன்பிடிச் சாமானும் விற்கும் கடை. கணவர் வாசலோடு இருந்த தூண்டில்களுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். மகள் நிறநிறமான தூண்டில் இரைகளைக் கண்டு, "அப்பா, அம்மா மீனோ வாங்கப்போறா?" என்று கேட்டாள். "அப்பிடியெண்டால் நல்லாயிருக்கும்" என்றார் அவர், எனக்குக் கேட்கத்தக்கதாக.

கடைக்காரர் தாடி வைத்த, பசியில் இருந்த மனிதர். மேசையில் பச்சைத் துணி விரித்து மூன்று பிஸ்ரல்களை வைத்தார். எதற்கு வேண்டும் என்று கேட்டார். சுகாதார நிலையத் தாதியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "இலக்குக்கு" என்று எனக்காகச் சுருக்கினார்.

முதலாவது சின்னது, வெள்ளி நிறம். கைக்குள் அடங்கியது. பார்த்ததும் பிடித்துவிட்டது. இரண்டாவது கறுப்பு. மரப்பிடி போட்டது, நல்ல பாரம். மூன்றாவதைத் தொடவே பயமாக இருந்தது. வெள்ளியை எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்த புள்ளியைக் குறிபார்த்தேன். என் நாடித்துடிப்பெல்லாம் குறிமுனையில் ஏறி ஆடியது. கறுப்பை எடுத்தேன். அதன் பாரம் என் நடுக்கத்தை அமுக்கி வைத்தது. அப்போதும் வெள்ளியைத்தான் பார்த்தேன்.

"இதில் மற்றவர்கள் கூடுதலாக வாங்குவது எது?" என்று கேட்டேன்.

"வேட்டைத் துவக்குத்தான்" என்றார்.

கறுப்புக்கு மரப்பிடி மூன்று அளவில் இருந்தது. சின்னது என் கைக்குச் சரியாகப் பொருந்தியது. ஆனாலும் நடுத்தரத்தைக் கேட்டேன். மகளுக்குக் குளிர்ச்சட்டையானாலும் சப்பாத்தானாலும் ஒரு அளவு பெரிதாகவே எடுத்துப் பழகிய வாய் அது. கடைக்காரர் என் கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "உன் கை இனி வளராது" என்றார்.

தூண்டில்களுக்குப் பக்கத்திலிருந்து என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான். அந்தத் தெம்பில், "எதைச் சுகமாகக் கழற்றலாம்?" என்று கேட்டேன். பிஸ்ரல் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி அதுவல்ல என்று கடைக்காரரின் புருவம் சொன்னது. வெள்ளியைக் கழற்ற அவருக்கே ஒரு சின்னக் கருவியும் மூக்குக்கண்ணாடியும் தேவைப்பட்டன. கறுப்பில் ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தி இழுத்தார். மேல்பகுதி அப்படியே கையோடு வந்தது.

கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு மேசையடிக்கு வந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"இந்தத் துண்டு இல்லாமல் மிச்சத்தால் என்ன செய்யலாம்?" என்று அவரே நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

"மேசையில் கடதாசி பறக்காமல் வைக்கலாம்."

"திருப்பிப் பூட்டுங்கள்."

பூட்டினார்.

"இனிக் கழற்றுங்கள்."

கழற்றினார். பிறகு அதைத் திருப்பிப் பூட்டி என்னிடம் தரச் சொன்னார் கணவர். முதல்முறை நெம்புகோல் அசையவில்லை. இரண்டாம் முறை நகம் உடைந்தது. மூன்றாம் முறை மேல்பகுதி என் கைக்கு வந்தது. ஊறுகாய்ப் போத்தலைவிட இது சுகம் என்று சொல்ல வாய்வரை வந்தது. கணவர் அந்தத் துண்டை என்னிடமிருந்து வாங்கினார். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஜக்கெற் பொக்கற்றுக்குள் போட்டார்.

"இது என்னட்டை இருக்கட்டும். மிச்சம் உம்மட்டை."

"முதலில் அனுமதி வரவேண்டும்" என்றார் கடைக்காரர், பச்சைத் துணியைத் தட்டிக் காட்டி. கணவர் வெட்கப்பட்டுத் துண்டைத் திருப்பி வைத்தார்.

வெளியே வந்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் கறுப்பைத் தெரிவு செய்தது அது கையில் ஆடாமல் நின்றதாலா, அல்லது அவருக்காகவா? ரெயினில் ஹொல்ம்லியா வரும்வரை அதையே யோசித்தேன். விண்ணப்பத்தில் அதன் பெயரை எழுதும்போதும் யோசித்தேன். காத்திருந்த வாரங்களில், பொலிஸ் மறுத்துவிட்டால் வெள்ளியைக் கேட்கலாம் என்றுகூட நினைத்தேன். மறுக்கவில்லை.

கறுப்பு வீட்டுக்கு வந்ததும் கணவர் படுக்கையறையில் ஒரு பெட்டகத்தையும் களஞ்சிய அறையில் இன்னொன்றையும் சுவரோடு சேர்த்துத் துளையிட்டுப் பூட்டினார். ஒரு திறப்பு என்னிடம், மற்றது அவரிடம். இந்த ஏற்பாட்டைச் சட்டம் விரும்புமா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்கிற நான் கேட்காமல் விட்டது இது ஒன்றுதான். ஆனால் இதனால், அதுவரை மகளை அயல்வீட்டில் விட்டுப் போன புதன்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் நிற்க வேண்டியிருந்தது. துவக்கே வேண்டாம் என்ற மனிதர் துவக்குக்காக மாலை ஷிப்டை மாற்றிக் காலையில் பஸ் ஓட்டினார்.

முதல் புதன்கிழமை அவர் களஞ்சிய அறையைத் திறந்து, துணியில் சுற்றிய துண்டைக் கொண்டு வந்து என் கையில் வைத்தார்.

"கவனம். பிள்ளைக்கு நான் சோறு தீத்துறன். நீர் போட்டு வாரும்."

திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றார். நான் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் கையை நீட்டினார். மகள் மற்ற அறையில் விளையாடுகிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, துண்டை வாங்கிப் பூட்டி, திறப்பைப் பொக்கற்றுக்குள் போட்டபிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"எப்பிடி?"

"எல்லாம் இடப்பக்கமாப் போகுது."

"கடதாசியிலை பட்டதோ?"

"ஓம், ஓரத்திலை."

அவர் என் முகத்தைப் பார்த்தார். தள்ளுவண்டியைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய், மாற்றித் தரச் சொல்லி நான் வீணாகக் கெஞ்சிய நாள் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அப்ப மாத்துவமோ? அந்த வெள்ளி?"

"இல்லை. இதுதான்."

சொன்னது நான்தான் என்று நம்ப எனக்கே கொஞ்ச நேரம் எடுத்தது. அவர் தலையாட்டிவிட்டுச் சோற்றுக் கோப்பையைக் கழுவப் போனார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, வெறுங்கையை நீட்டிக் கண்ணாடியைக் குறிபார்த்தேன், இடப்பக்கம் இழுப்பது பிடியா நானா என்று பார்க்க. பிடி இல்லாமலும் விரல் இடப்பக்கம் சாய்ந்தது. நான்தான்.