ஆச்சேபணை அக்கா

“சத்தம் கேக்கலையே!”

இஸ்திரிப் பெட்டி சட்டைக் காலரை விட்டு நகரவில்லை. அக்காவின் தொண்டை மட்டும் மாடிக்குப் போய்விட்டு வருகிறது. மாடியில் மருமகள் சட்டம் படிக்கிறாள், கடைசி வருடம். கீழே கடையில் அக்கா ஊரார் துணிக்கெல்லாம் இஸ்திரி போடுகிறார். மருமகள் படிக்கிறாளா, போனை நோண்டுகிறாளா என்று புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க அக்காவுக்கு எழுத்து தெரியாது. காது நன்றாகக் கேட்கும். ஆகவே இந்த வீட்டில் படிப்பு என்றால் உரக்கப் படிப்பதுதான். வாய்க்குள் படிப்பதெல்லாம் தூக்கத்தில் சேர்த்தி.

ஒருமுறை மருமகள் தன் குரலையே போனில் பதிவுசெய்து ஓடவிட்டுச் சுகமாகத் தூங்கினாள். முதல் நாள் பலித்தது. மறுநாள் அக்கா படியேறிப் போய்ப் போர்வையை உருவினார்.

“நேத்து இருமின அதே இடத்துல இன்னிக்கும் இருமற. இருமலுக்கு டைம்டேபிள் போட்டிருக்கியா?”

மாமியார் கொடுமையில் அக்கா இம்மியும் குறை வைத்ததில்லை. திசையை மட்டும் கொஞ்சம் திருப்பிவிட்டார். கல்யாணத்தோடு படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு வந்த பெண்ணிடம், மூட்டையைப் பிரி என்று அதட்டிக் கல்லூரியில் சேர்த்தவர் அவர்தான். “அடுப்பாங்கரைப் பக்கம் தலை தெரிஞ்சா காலை ஒடிச்சிடுவேன்” என்று கத்துவார். பாத்திரம் கழுவ விடவில்லை என்று ஒரு மருமகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றதை இந்தத் தெரு வேறெங்கும் பார்த்ததில்லை. எதிர்வீட்டு மாமியார்கள் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று புரியாமல், பொதுவாக “பாவம் அந்தப் பொண்ணு” என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மாடியிலிருந்து கொட்டுகிற சட்டத்தில் பாதி, அக்காவின் காதில் விழுந்து வாய் வழியே வெளியே வந்துவிடும். வருவது சரியான இடத்துக்குத்தான் வரும் என்று உத்தரவாதம் கிடையாது. மேகம் கறுத்தால், “துணி நாளைக்கு லேட்டாகும், இப்பவே முன்ஜாமீன் வாங்கிக்கறேன்” என்பார். பட்டன் அறுந்திருக்கிறதே என்று பேங்க் ஆபீசர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டால், “வரும்போதே இல்ல. இருந்துச்சுன்னு நிரூபிக்கறது உங்க பொறுப்பு” என்று மடக்குவார். பிறகு டப்பாவிலிருந்து பட்டன் எடுத்து இவரே தைத்தும் கொடுப்பார்.

எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்துப்போன சொல் ஆட்சேபணை. அவர் வாயில் அது ஆச்சேபணை. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினாலும் அதுதான், காக்காய் துணி மேல் உட்கார்ந்தாலும் அதுதான். ஊரும் அதையே பெயராக வைத்துவிட்டது. நடுவிலிருந்த ‘ட்’ எங்கே போயிற்று என்று மருமகள் ஒருநாள் கேட்டாள். “எனக்குத் தேவைப்படல. நீ வச்சுக்க” என்றார்.

பெண்கல்வி பற்றி மேடையில் முழங்குகிறவர்களின் சட்டைகளும் இந்தக் கடைக்கு வருகின்றன. பேச்சில் இல்லாத விறைப்பைக் கஞ்சியில் ஏற்றி அனுப்புவார் அக்கா. அவரும் பேசுவார், ஆனால் மைக் இல்லாமல், ஒரே ஒரு கதையை.

கணவர் போன கையோடு உறவுக்காரர்கள் கூடத்தில் கூடினார்கள். கடையை விற்பதா, அக்காவை அண்ணன் வீட்டுக்கு அனுப்புவதா என்று பேச்சு. தலைமை தாங்கியவர் கொழுந்தனார். “என்னைப் பத்தி என்னைத் தவிர எல்லாரும் பேசினாங்க. நான் டீ குடுத்துட்டு நின்னேன். சர்க்கரை பத்தலைன்னு மட்டும் என்கிட்ட சொன்னாங்க.” இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை. மறுநாள் காலையில் யாரையும் கேட்காமல் கடையைத் திறந்துவிட்டார் என்பது வேறு விஷயம். நாலு எழுத்து படித்திருந்தால் அன்றைக்கே நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன் என்று இன்றும் நம்புகிறார். உட்கார்ந்திருப்பாரோ என்னவோ. ஆனால் அந்த நம்பிக்கையில்தான் ஒரு பெண் சட்டக் கல்லூரிக்குப் போய்வருகிறாள்.

அக்காவின் இன்னொரு பிடிவாதம், யார் வந்தாலும் கையை நிறுத்தமாட்டார். போலீஸ்காரராகட்டும், பெற்ற மகனாகட்டும், பதிலெல்லாம் துணியைப் பார்த்தபடிதான். “கையை நிறுத்திட்டுக் கேட்டா, ஏதோ பெருசா சொல்லிட்டோம்னு நெனச்சுக்குவாங்க” என்பது அவர் சித்தாந்தம். கடைச் சுவரில் ஒரு பலகை அகலத்துக்கு இடத்தைச் சுத்தமாக வைத்திருக்கிறார். அங்கே போஸ்டர் ஒட்ட வருகிறவர்கள் பசை வாளியோடு ஓட வேண்டியதுதான். மருமகள் வக்கீலானதும் போர்டு மாட்டுவதற்கான இடம் அது. “நான் துணிச் சுருக்கம் எடுப்பேன், அவ கேஸ் சுருக்கம் எடுப்பா.”

போன ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுவருக்கு ஆபத்து வந்தது. மகனுக்கு வெளியூர் மாற்றல், உடனே கிளம்ப வேண்டும். மருமகளுக்கோ அடுத்த மாதம் கடைசிப் பரீட்சை. அம்மாவிடம் தனியாகப் பேசப் பயந்து, மகன் சித்தப்பாவைத் துணைக்கு அழைத்து வந்தான். அதே கொழுந்தனார்தான். வந்த இடத்தில் ஓசியில் ஒரு இஸ்திரி ஆகட்டுமே என்று சட்டையைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு, பனியனோடு கடை நாற்காலியில் அமர்ந்து குடும்பத்துக்கு நல்லது சொல்லத் தொடங்கினார்.

“அண்ணி, பொண்டாட்டின்னா புருஷன் கூட இருக்கணும். பரீட்சை எங்க ஓடிடப் போகுது? அடுத்த வருஷம் எழுதட்டும்.”

“ஆச்சேபணை! பனியனோட உக்காந்து தீர்ப்பு சொல்லக் கூடாது.” பெட்டி அவர் சட்டையின் கைமேல் ஓடிக்கொண்டிருந்தது.

“அம்மா, அங்க சாப்பாட்டுக்கு நான் என்ன பண்ணுவேன்?” என்றான் மகன்.

“ரெண்டு கை குடுத்துதானே பெத்தேன்? அவ வரமாட்டா. பரீட்சை எழுதுவா. எழுதிட்டும் வரமாட்டா. இந்தச் செவுத்துலதான் போர்டு மாட்டுவா. நான் சொல்லிட்டேன்.”

படியிறங்கி டீ டம்ளர்களோடு வந்த மருமகள் வாசற்படியிலேயே நின்றாள்.

“ஆட்சேபணை.”

அந்த ‘ட்’ சுத்தமாக விழுந்தது. சித்தப்பாவுக்குத்தான் என்று நினைத்து அக்கா பெருமையாக நிமிர்ந்தார். மருமகள் பார்த்தது அவரை.

“அத்தை, என்னைப் பத்தி என்னைத் தவிர எல்லாரும் பேசறீங்க.”

சட்டைப் பை மேல் வந்த பெட்டி அங்கேயே நின்றுவிட்டது. சற்று நேரத்தில் கருகல் வாடை வந்தது.

“அண்ணி, என் சட்டை!”

யாரும் திரும்பவில்லை. மருமகள் டீயைக் கீழே வைத்துவிட்டு, மூலையில் கிடந்த முக்காலியை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“பரீட்சை எழுதாம நான் எங்கயும் போகமாட்டேன். சாப்பாட்டை அவர் பார்த்துக்கட்டும். எழுதி முடிச்சதும் அவர் இருக்கற ஊருக்குப் போவேன். அங்கயும் கோர்ட் இருக்கு. போர்டு எங்க மாட்டறதுன்னு நான் முடிவு பண்ணிக்கறேன்.”

அக்காவின் கண் சுவரின் காலி இடத்துக்குப் போய்விட்டுத் திரும்பியது. “ஆச்...” என்று வாய் ஆரம்பித்தும் விட்டது. பாதியில் பிடித்து நிறுத்தி, அதை ஒரு தும்மலாக முடித்துக்கொண்டார். பிறகு, புகைந்த சட்டையிலிருந்து பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தார். சுவிட்சை அணைத்தார். இரண்டு கைகளையும் முந்தானையில் துடைத்துக்கொண்டு, மருமகள் பக்கம் திரும்பி நின்றார்.